பட்டியலில் இரண்டே பேர்

இது கட்டுக்கதை இல்லை. எனக்கு நடந்தது. என் மேலாளரிடம் சொன்னேன், சிரித்தார். இரண்டாம் முறை சொன்னபோது சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரு மருத்துவரின் முகவரியை எடுத்துக் கொடுத்தார். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். நம்புகிறவர்கள் படியுங்கள். நம்பாதவர்கள் தாராளமாக எழுந்து போகலாம், யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை.

பேய் என்றால் நடுராத்திரி, கும்மிருட்டு, நாய் ஊளை என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். இது நடந்தது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. அந்த வெயிலில் ஒரு பெரிய கட்டடத்துக்குள் ஒரு ஆள் குளிரில் விறைத்துச் சாகக் கிடந்தான். அவன் என் கூடப்பிறந்த தம்பி.

நான் வேலை பார்ப்பது ஒரு குளிர்கிடங்கில். ஐஸ்கிரீம், மீன், பட்டாணி, மருந்து என்று ஊருக்கு வேண்டியதையெல்லாம் உறையவைத்துப் பத்திரப்படுத்தும் இடம். அங்கே கம்ப்யூட்டர் பிரிவில் எனக்கு வேலை. தம்பி கிடங்குக்குள் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். ஆள் ஆறடி, அதற்கேற்ற அகலம். கிடங்கில் எல்லோரும் அவனை 'மலை' என்பார்கள். அந்த மலைக்கு இரண்டு பெண் குழந்தைகள், வாய் ஓயாத ஒரு மனைவி. இந்த வேலையை அவனுக்கு வாங்கிக் கொடுத்ததே நான்தான். எங்கேயிருந்து பார்த்தாலும் "அக்காவ்" என்று நீட்டி முழக்கிக் கூப்பிடுவான். கேன்டீனே திரும்பிப் பார்க்கும். எனக்கு மானம் போகும்.

என் பொறுப்பில் இருப்பது டைரக்டரி சர்வர் என்ற ஒரு இயந்திரம். கம்பெனி ஆட்கள் அத்தனை பேருடைய பெயர், பாஸ்வேர்டு, கார்டு எண் எல்லாம் அதற்குள்தான் இருக்கும். யார் லாகின் செய்தாலும், எந்தக் கதவில் கார்டைக் காட்டினாலும், கதவு அதனிடம் கேட்கும்: இப்படி ஒருவர் உண்டா? 'உண்டு' என்றால் திறக்கும். 'இல்லை' என்றால் திறக்காது. அவ்வளவுதான். நீங்கள் கதவுக்கு முன்னால் குத்துக்கல் மாதிரி நின்றாலும், அது இல்லை என்று சொல்லிவிட்டால் நீங்கள் இல்லைதான்.

கேட்கும்போதெல்லாம் ஆயிரக்கணக்கான பேரையும் அது புரட்டிப் பார்க்காது. அதற்கு ஒரு இண்டெக்ஸ் உண்டு. தடித்த புத்தகத்தின் கடைசியில் எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று போட்டிருப்பார்களே, அது மாதிரி ஒரு பட்டியல். சர்வர் அந்தப் பட்டியலை மட்டும் பார்த்துப் பதில் சொல்லும். புத்தகத்தில் நீங்கள் பத்திரமாக இருந்து பட்டியலில் மட்டும் இல்லாமல் போனால்… 'இல்லை.'

இதை முதலில் கட்டியவர் எங்கள் பிரிவில் இருந்த ஒரு பெரியவர். முதுகுக்குப் பின்னால் அவருக்குப் 'பூதம்' என்று பெயர். புதையலைக் காக்கிற பூதம் மாதிரி அந்த சர்வரைக் காத்தார். தானும் விளக்கமாட்டார், அடுத்தவரையும் தொடவிடமாட்டார். எந்நேரமும் முணுமுணுப்பு. பல்வலிக்காக வாயில் எந்நேரமும் ஒரு கிராம்பு. மோதிர விரலால்தான் என்டர் பட்டனை அடிப்பார். 'டக்' என்று அறை முழுக்கக் கேட்கும். நான் சேர்ந்த முதல் நாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு "புதுசா?" என்றார். அதோடு என் பெயரே அவருக்குப் 'புதுசு' ஆகிவிட்டது. நாலு வருஷம் ஆன பிறகும் நான் புதுசுதான்.

"ஏ புதுசு, என் லிஸ்ட்ல கை வைக்காதே. வெச்சா கை இருக்காது."

இதை அவர் சிரிக்காமல் சொல்வார். வெட்கக்கேட்டுக்கு இந்தப் பட்டப்பெயரை நான் வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. தம்பியிடம் மூச்சுகூட விட்டதில்லை. தெரிந்தால் ஆயுசுக்கும் கிண்டலடித்தே கொன்றிருப்பான். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பூதம் செத்துப்போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. தன் மேசையிலேயே, தலை கீபோர்டின் மேல் சாய்ந்து, காலையில் நான்தான் முதலில் பார்த்தேன். திரையில் பாஸ்வேர்டு கட்டம் நிறையப் புள்ளி புள்ளியாக ஓடிக்கொண்டிருந்தது. நெற்றி ஏதோ ஒரு எழுத்தை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. அவருடைய லாகினை நானே பூட்டினேன். கீபோர்டைக் கழற்றி இழுப்பறையில் போட்டேன். பெயரை மட்டும் அழிக்கவில்லை. மூன்று மாதம் கழித்துத்தான் அழிக்க வேண்டும் என்பது கம்பெனி விதி.

சரி, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

பெயர் தேடினால் பதில் வர அரை நிமிஷம் ஆகிறது என்று எல்லாப் பிரிவும் மேலாளரின் தலையை உருட்டியது. அவர் என் தலையை உருட்டினார். "ஆள் குறைவா இருக்கிற நாளாப் பார்த்து முடிச்சிடு" என்றார். லாகின் பெயருக்கான இண்டெக்ஸை மாற்றி அமைத்தேன். சர்வரை நிறுத்தித் திரும்பக் கிளப்பினேன். மணி இரண்டு பதினெட்டு. எல்லாம் பச்சை விளக்கு. சின்ன வேலைதான் என்று மூட்டை கட்டத் தொடங்கினேன்.

வாசல் காவலாளி போனில் கூப்பிட்டார்.

"மேடம், என் கம்ப்யூட்டர் திறக்க மாட்டேங்குது. பாஸ்வேர்டு தப்பாம்."

"நல்லாப் பார்த்து அடிங்க அண்ணே."

"நாலு தடவை அடிச்சிட்டேன். நானே இல்லைங்குது மேடம். இங்கதானே உக்காந்திருக்கேன்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் பெயரைத் தேடினேன். 'அப்படி ஒருவர் இல்லை' என்றது. மேலாளரின் பெயரைத் தேடினேன். இல்லை. என் பெயர்… இல்லை. நான் வேலை செய்துகொண்டிருந்தது சர்வரின் தனி நிர்வாக லாகினில். அதற்குப் பட்டியல் தேவையில்லை. அதனால்தான் எனக்கு முன்பே தெரியவில்லை.

என்ன தப்பு என்று உடனே புரிந்துவிட்டது. சர்வரின் பழைய பதிப்பில் இண்டெக்ஸை மாற்றினால் பட்டியலை அதுவே திரும்பக் கட்டிக்கொள்ளும். போன மாதம் ஏற்றிய புதிய பதிப்பில் நாம்தான் கட்டச் சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை. ஆக, பட்டியல் வெறும் காகிதமாகக் கிடக்கிறது. மாற்றத்துக்குப் பிறகு யாருடைய விவரத்தையாவது யாராவது தொட்டுத் திருத்தியிருந்தால் அவர் பெயர் மட்டும் அதில் ஏறியிருக்கும். மற்றபடி கம்பெனியில் ஒரு ஈ காக்கா கிடையாது.

பயப்பட ஒன்றுமில்லை. கட்டச் சொன்னேன். திரையில் எண் ஓடத் தொடங்கியது. ஒரு சதவீதம்… இரண்டு… முழுக்க முடிய இருபது நிமிஷம் பிடிக்கும்.

அப்போது என் செல்போன் அடித்தது. தம்பி.

"அக்காவ்… நாலாம் ரூம்ல மாட்டிக்கிட்டேன். கார்டு வேலை செய்யலை."

நாலாம் அறை ஆழ்குளிர் அறை. பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தைந்து டிகிரி. சரக்கு திருடுபோகிறது என்று வெளியே வரும் பக்கத்திலும் கார்டு வைத்திருந்தார்கள்.

"சிவப்புக் கைப்பிடியை இழுடா."

"அது மூணு வாரமா உறைஞ்சு கெடக்கு. தொங்கிப் பார்த்துட்டேன்."

"கோட்டு போட்டிருக்கியா?"

மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் கேட்டது.

"டேய், கோட்டு?"

"ரெண்டு நிமிஷ வேலைக்கா… ஒரே ஒரு பெட்டி எடுக்கத்தான் வந்தேன். சட்டைதான்."

காவலாளியை நாலாம் அறைக்கு ஓடச் சொன்னேன். தீயணைப்புக்குப் போன் செய்தேன், வந்து சேர நாற்பது நிமிஷம் என்றார்கள். அந்தக் கதவு ஒரு சாண் கனம், கடப்பாரைக்கு அசையாது. மின்சாரத்தை நிறுத்தினால் பூட்டு இன்னும் இறுகும், திருட்டுப் பயத்தில் அப்படித்தான் அமைத்திருந்தார்கள். ஆக, எல்லாம் என் திரையில் ஓடும் அந்த எண்ணில்தான் இருந்தது.

இருபத்தெட்டு. இருபத்தொன்பது. முப்பது.

முப்பத்தொன்று.

நின்றுவிட்டது.

'ரத்து செய்யப்பட்டது' என்று வந்தது.

நான் ரத்து செய்யவில்லை. கை தவறிப் பட்டிருக்குமோ என்று நினைத்தேன். வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே திரும்பக் கட்டச் சொன்னேன். ஒன்று… இரண்டு…

அறையில் ஒரு வாசனை அடித்தது. எனக்குப் பழக்கமான வாசனை. ஆனால் எங்கே முகர்ந்தது என்று சட்டென்று பிடிபடவில்லை.

ஜன்னலில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. கீழே சாலையில் யாரோ வண்டியைக் கழுவும் சத்தம். அறையில் என்னைத் தவிர யாரும் இல்லை. மூலையில் பூதத்தின் மேசை. வெறும் மேசை.

இருபத்தொன்பது. முப்பது. முப்பத்தொன்று…

'டக்.'

மூலையிலிருந்து.

திரையைப் பார்த்தேன். 'ரத்து செய்யப்பட்டது.'

அந்த வாசனை இப்போது பிடிபட்டுவிட்டது. கிராம்பு.

எழுந்து போய் இழுப்பறையைத் திறந்தேன். கீபோர்டு நான் போட்ட இடத்திலேயே, வயரைச் சுற்றியபடி கிடந்தது. நடு வரிசையில் ஒரு எழுத்தின் மேல் மட்டும் தூசி இல்லை. என்டரின் மேலும் இல்லை.

பயத்துக்கு அப்போது நேரமில்லை. உண்மையைச் சொன்னால் எனக்குக் கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது. திரும்பி வந்து, ரத்து செய்தது யார் என்று சர்வரிடம் கேட்டேன். அது எதையும் மறைக்காது. கேட்டதைச் சொல்லும்.

சொன்னது. பூதத்தின் பெயரை.

பட்டியலில் இப்போது யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். ஒருவரும் இருக்கக் கூடாது. பதில் ஒரே வரியாக வந்தது.

மொத்தம்: 1.

அதுவும் அவர்தான். நான் பூட்டிய லாகின் திறந்து கிடந்தது. திருத்தப்பட்ட நேரம் இரண்டு இருபது. நான் சர்வரைக் கிளப்பிய இரண்டாம் நிமிஷம். திருத்தியவர் என்ற இடத்திலும் அவர் பெயரே. கம்பெனியில் உயிரோடு இருக்கும் அத்தனை பேரும் இல்லை. செத்தவர் ஒருவர் மட்டும் உண்டு.

பூட்டினேன். திறந்துகொண்டது.

மறுபடி பூட்டினேன். 'டக்.' திறந்துகொண்டது.

போன்.

"அக்காவ்…" அவன் பல் அடித்துக்கொள்வது எனக்குக் கேட்டது. "இன்னிக்கு… உள்ள வேற யாருக்காவது டூட்டி இருக்கா?"

"இல்லை. ஏன்?"

"பின்னாடி ரேக்குக்கு அந்தப் பக்கம்… யாரோ நிக்கிறாங்க. வயசானவர் மாதிரி. கோட்டு இல்லை. குளிர்ற மாதிரியே தெரியலை."

மூலை மேசையைத் திரும்பிப் பார்த்தேன்.

"என்னமோ முணுமுணுக்கிறார் அக்கா. வேற வேற பேரா… பேர் வாசிக்கிற மாதிரி…"

"அவர் கிட்ட போகாதே. பேச்சுக் கொடுக்காதே. கதவோட ஒட்டி நில்லு."

"யாரு அக்கா அவர்?"

"நில்லுன்னா நில்லுடா!"

"சார்ஜ் இறங்குது… குளிர்ல…"

அப்போதுதான் எனக்கு அந்த வழி தோன்றியது. தோன்றாமலே போயிருக்கலாம். மொத்தப் பட்டியலையும் கட்டத்தானே அவர் விடமாட்டேன் என்கிறார்? ஒரே ஒரு ஆளை ஏற்றினால் போதும். தம்பியின் லாகின் பெயரை அழித்துவிட்டுத் திரும்ப எழுதினால், தொட்டுத் திருத்திய கணக்கில் அவன் பட்டியலில் ஏறிவிடுவான். சர்வர் கதவுக்கு 'உண்டு' என்று சொல்லும். அரை நிமிஷ வேலை.

அழித்தேன். எழுதினேன். என்டரை அழுத்தினேன்.

என் என்டர் சத்தமும் மூலையிலிருந்து வந்த 'டக்'கும் ஒன்றாகவே கேட்டன.

பட்டியல் வந்தது.

மொத்தம்: 2.

முதல் வரியில் பூதம். அதன் கீழே என் தம்பி. மொத்தக் கம்பெனியிலும் அந்த இரண்டே பேர்தான் இருந்தார்கள். தம்பியின் விவரத்தைத் திருத்தியது நான். என் கை. என் விரல். ஆனால் திருத்தியவர் என்ற இடத்தில் என் லாகின் இல்லை.

அவர் பெயர் இருந்தது.

"கார்டைக் காட்டுடா! இப்போ காட்டு!" என்று போனில் கத்தினேன்.

அந்தப் பக்கம் தம்பி இல்லை. போனுக்கு வெகு பக்கத்தில் யாரோ மூச்சு விட்டார்கள்.

"புது…"

அத்தோடு கட் ஆகிவிட்டது.

மணி இரண்டு ஐம்பத்தெட்டு.

அரை நிமிஷத்தில் காவலாளியின் போன். "மேடம், கதவு திறந்துடுச்சு! வந்துட்டாரு! நடந்தே வந்துட்டாரு!"

நான் படியில் எப்படி இறங்கினேன் என்று எனக்கே தெரியாது. வெயிலில் ஓடினேன். செருப்பு ஒன்று எங்கேயோ போனது. நாலாம் அறை வாசலில் தம்பி நின்றுகொண்டிருந்தான். உதடு நீலம், புருவத்தில் பனி. காவலாளி தன் போர்வையைச் சுற்றிவிட்டிருந்தார். அவனைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். அவன் உடம்பு இரும்பு மாதிரி ஜில்லென்று இருந்தது. கை இரண்டும் பக்கவாட்டில் தொங்கின, என்னைத் திரும்பக் கட்டவில்லை.

தலை குனிந்து என்னைப் பார்த்தான்.

"நேரமாக்கிட்டியே, புதுசு" என்றான்.

காதில் சரியாக விழவில்லை என்று நினைத்தேன். விறைத்த நாக்கு, எதையோ சொல்ல வந்து எப்படியோ வந்திருக்கும். அப்படித்தான் நினைத்தேன். வேறு எப்படி நினைப்பது, சொல்லுங்கள்?

காவலாளி உள்ளே எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. கதவை மூடினார்.

தீயணைப்பு ஆட்கள் மூன்றேகாலுக்கு வந்தார்கள். ஒருவர் நாடி பார்த்து, கண்ணில் விளக்கடித்துப் பார்த்து, "பயமில்லை, சூடா ஏதாவது குடுங்க" என்றார். காவலாளியின் அறையில் அவனை உட்காரவைத்து வெந்நீர் கொடுத்தேன். ஊதி ஊதிக் குடித்தான். போன் எங்கே என்று கேட்டேன். உள்ளே விழுந்துவிட்டது என்றான். மேசையில் அவன் மோதிர விரல் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது. அவன் மோதிரம் போடுகிறவன் இல்லை.

பிறகு மேலே போய் மூன்றாம் முறையாகப் பட்டியலைக் கட்டச் சொன்னேன். முப்பத்தொன்றைத் தாண்டி ஒரு விக்கல்கூட இல்லாமல் முடிந்தது. எல்லோரும் திரும்ப வந்துவிட்டார்கள். கிராம்பு வாசனையும் போய்விட்டது. போனால் சரி என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம் நானே அவனை வீட்டில் கொண்டுபோய் விட்டேன். அவன் மனைவி வாசலுக்கே ஓடி வந்தாள்.

"இந்தா உன் புருஷன். கை கால் எண்ணிப் பார்த்து வாங்கிக்கோ" என்று அவளிடம் சொன்னேன்.

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். குழந்தைகள் இரண்டும் கதவுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தன. அப்பா வந்தால் மேலே பாய்ந்து ஏறுகிறவை, அன்று பக்கத்தில் வரவில்லை. சின்னது தன் அக்காவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு அவனையே பார்த்தது.

மறுநாள் மேலாளர் அறையில் எனக்கு அர்ச்சனை. அது முடிந்ததும் நாலாம் அறையின் கதவுப் பதிவை எடுத்துப் பார்த்தேன். இரண்டே கால் மணிக்கு உள்ளே போனது தம்பியின் கார்டு. இரண்டு ஐம்பத்தெட்டுக்கு ஒரு கார்டு வெளியே வந்திருந்தது. வந்தவர் என்ற இடத்தில்… பூதத்தின் பெயர். தம்பி வெளியே வந்ததாகப் பதிவே இல்லை.

மேலாளரிடம் காட்டினேன்.

"இண்டெக்ஸைக் குட்டிச்சுவராக்கினது நீதானே? ரெண்டு பேரோட நம்பரும் மாறியிருக்கும். கதவு அப்பிடித்தான் உளறும்" என்றார்.

நியாயமான பேச்சு. ஒட்டிக்கொள்ள எனக்கும் ஏதாவது வேண்டியிருந்தது, ஒட்டிக்கொண்டேன்.

வியாழக்கிழமை தம்பி மனைவி போன் செய்தாள். குரலை அடக்கிப் பேசினாள்.

"அண்ணி, இவருக்குப் பல்வலி இருந்ததா சின்ன வயசில?"

"இல்லையே. ஏன்?"

"கிராம்பு கேக்குறார். டப்பா காலியாயிடுச்சு. ராவும் பகலும் வாயில போட்டு மெல்றார். தனக்குத்தானே பேசிக்கிறார். பிள்ளைங்க பக்கத்தில போனா எரிஞ்சு விழறார்."

"அதிர்ச்சி. போகப் போகச் சரியாயிடும்" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

"நீங்க வந்து ஒரு தடவை பார்த்தா பரவாயில்லை அண்ணி."

போனேன். அவன் திண்டில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தான். நான் வந்த சத்தம் கேட்டும் கண்ணைத் திறக்கவில்லை. "அக்காவ்" என்று நீட்டி முழக்கவில்லை. அந்தக் குரலுக்காக வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றேன். மானம் போனாலும் பரவாயில்லை, ஒரே ஒரு தடவை கூப்பிட்டுவிடு என்று நின்றேன்.

"என் லிஸ்ட்ல கை வெச்சேல்ல?" என்றான், கண்ணை மூடியபடியே.

அதற்கு மேல் நான் அங்கே நிற்கவில்லை.

அடுத்த வாரம் நாலாம் அறையின் உறைந்த கைப்பிடியைக் கழற்ற ஆள் வந்தார்கள். அப்படியே ரேக்கை நகர்த்திப் பனியைச் சுரண்டினார்கள். கடைசி ரேக்குக்கு அடியில் தம்பியின் செல்போன் கிடந்தது. காவலாளி கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

துடைத்துச் சார்ஜில் போட்டேன். வெகு நேரம் செத்த மாதிரியே கிடந்தது. பிறகு உயிர் வந்தது. நான் அன்று விட்ட அழைப்புகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. கடைசியில் என் செல்போன் ஒரு முறை அதிர்ந்தது.

குரல் செய்தி. தம்பி எண்ணிலிருந்து எனக்கு. அன்றைக்கே பேசி, போகாமல் அந்தப் போனிலேயே சிக்கிக் கிடந்த செய்தி.

அழுத்தினேன்.

முதலில் குளிர்விசிறியின் இரைச்சல். பிறகு பல் அடித்துக்கொள்ளும் சத்தம். பிறகு அந்தக் குரல். இத்தனை நாளாக எதற்காக ஏங்கினேனோ, அந்தக் குரல்.

"அக்காவ்… கதவு திறந்துச்சு… அவர் போயிட்டார். என் உடம்பைச் சட்டை மாதிரி மாட்டிக்கிட்டுப் போயிட்டார் அக்காவ். காவலாளி அண்ணன் எட்டிப் பார்த்தார். நான் கத்துறேன்… எதிர்லதான் நின்னு கத்துறேன்… என்னை அவருக்குத் தெரியலை. கதவை மூடிட்டாங்க. இன்னும் உள்ளதான் இருக்கேன் அக்காவ்… குளிருது…"

அவ்வளவுதான் இருந்தது.

செய்தியின் அடியில் பேசிய நேரம் பொறித்திருந்தது. மூன்று இருபத்தைந்து.

மூன்று இருபத்தைந்துக்கு அவன் என் எதிரில் உட்கார்ந்து வெந்நீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தான்.